அறிவியல் பாடமும் எங்கள் வீட்டு மேட்டடாரும்



பொங்கல் முடிந்து நாங்கள் இருவரும் கொடைக்கானல் போய் வந்த படங்களைப் போட்டிருந்தேன். "டீச்சர், அது மாமாவோட பழைய மீன் வண்டிதானே? அதுலயா படுத்துத் தூங்குனீங்க?" என்று நிறைய பேர் கேட்டீர்கள். துபாயிலிருந்து ஒருத்தன், "டிரைவர் கேபின்ல எப்படி டீச்சர் உக்காந்து போனீங்க, அது அடுப்பாச்சே!" என்று கேட்டான். அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் முழுக் கதையையும் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் இப்போதாவது முழுசாகப் படிக்கவும்.

எங்கள் வீட்டுக்காரர் 1996-இல் அந்த வண்டியைக் கைமாற்றில் வாங்கினார். பஜாஜ் டெம்போ மேட்டடார், டீசல். பி.ஒய். 02, நம்ம காரைக்கால் நம்பர். அந்தக் கம்பெனி இப்போது வேறு பெயரில் இருக்கிறது, மேட்டடார் செய்வதை நிறுத்தியும் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு காலத்தில் ஸ்கூல் வேன், பால் வண்டி, ஆம்புலன்ஸ், கல்யாண வண்டி எல்லாம் அதுதான். சின்னப் பிள்ளையில் அதில் நசுங்கிப் போகாதவர்கள் உங்களில் குறைவு.

அந்த வண்டியில் இன்ஜின் முன்னால் தனியாக இருக்காது. கேபினுக்குள்ளேயே, டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில், ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கும். அதை பேனட் என்பார்கள். டிரைவரின் இடது கால் அந்தச் சூட்டை ஒட்டியே இருக்கும். பின்னால் மீன் பெட்டி கட்டியிருந்தார். வெளியே தகரம், நடுவில் 4 அங்குலம் தெர்மாகோல், உள்ளே ஃபைபர். ராத்திரி ஐஸ் உடைத்துப் போட்டு, மீனை அடுக்கி, திருநள்ளாறு, பேரளம் வழியாகக் கும்பகோணம் போவார். சில நாள் தஞ்சாவூர், திருச்சி வரைக்கும். எப்போதாவது திண்டுக்கல்.

மீன் பெட்டிக்குள் பூஜ்யம் டிகிரி. அதற்கு முன்னால், ஒரு தகரத்துக்கு இந்தப் பக்கம் இவர். பேனட்டுக்குக் கீழே ரேடியேட்டர் தண்ணீரே 80, 90 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் புகை வெளியேறும் இரும்புக் குழாய் அதைப்போலப் பல மடங்கு சூடு. மேலே வெயில் காயும் தகரக் கூரை, எதிரில் கண்ணாடி. இரண்டு சாக்கை நனைத்துக் காலுக்கடியில் போட்டுக்கொள்வார். திருச்சிப் பக்கம் அது கொஞ்சம் குளிரும், சீக்கிரம் காயும். நம்ம ஊர்க் கடல் காற்றில் சாக்கு காயவும் காயாது, குளிரவும் குளிராது, நாறும்.

இதே வருஷங்களில் நான் பள்ளிக்கூடத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன்? வெப்பம் மூன்று வழியில் பரவும் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடத்தல், சலனம், கதிர்வீச்சு. கரண்டியைச் சுடுதண்ணீரில் வைத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மரத்தூளைத் தண்ணீரில் போட்டுச் சுழல்வதைக் காட்டினேன். கறுப்பு டப்பா, வெள்ளை டப்பா இரண்டையும் வெயிலில் வைத்தேன். ஞாபகம் இருக்கிறதா? "மீன் பெட்டியில் ஏன் தெர்மாகோல் வைக்கிறோம்?" என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். எல்லாக் கையும் மேலே போகும். மீனவப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. "டிரைவருக்கு ஏன் வைக்கவில்லை?" என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, இவருடைய இடது காலின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே, வலை விரித்த மாதிரி ஒரு பழுப்பு நிறம். ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது. நான் தேமல் என்று நினைத்து ஏதேதோ களிம்பு தடவினேன். போகவில்லை. தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்தவுடன் கேட்டது, "அடுப்புப் பக்கத்துல உக்காந்து வேலை பார்க்கிறீங்களா?"

இவர் சிரித்துக்கொண்டு, "பக்கத்துல இல்லீங்க, அடுப்பு மேலயே" என்றார்.

தோல் வெந்து கொப்பளிக்காத அளவுச் சூடு, தினமும், வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் இப்படி வலை வலையாகக் கறுக்கும் என்று டாக்டர் விளக்கினார். அடுப்படியில் உட்காருபவர்களுக்கும், சுடுதண்ணீர்ப் பை வைத்துக்கொள்பவர்களுக்கும், மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்பவர்களுக்கும்கூட வருமாம். சூட்டை நிறுத்த வேண்டும், அந்த இடத்தில் ஆறாத புண்ணோ தடிப்போ வந்தால் உடனே காட்ட வேண்டும் என்றார். வேறு மருந்து பெரிதாக எதுவும் எழுதவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் பேசவில்லை. இவருக்குத் தெரிந்துவிட்டது. "மீன் கெட்டுப்போனா அன்னிக்கே தெரிஞ்சுடும் டீச்சரம்மா. நாம கெடுறது மெதுவாத்தானே தெரியும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்துக்கு மேல், அந்தக் கேபினில் நான் வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தது கிடையாது. நாகூருக்கு, திருநள்ளாறுக்கு என்று சாயங்காலம் போயிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஒரு தடவை மட்டும் அதில் குடியிருந்தோம். 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கு இவர் சனிக்கிழமை ராத்திரியே கும்பகோணம் போயிருந்தார். அதனால்தான் வண்டியும் தப்பியது, இவரும் தப்பினார். காலையில் நம்ம மேட்டுக்கு என்ன வந்தது என்று இங்கே நான் எழுத வேண்டியதில்லை. பார்த்தவர்கள் நீங்கள். நான் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினேன். மதியம் இவர் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அன்றைக்கு ராத்திரியும், அதற்குப் பின் ஏழெட்டு ராத்திரியும் அந்த வண்டிதான் எங்கள் வீடு. கதவை ஏற்றிவிட்டு நாலு பேரும் கேபினில் சுருண்டு கிடந்தோம். மார்கழிப் பனி. விடியற்காலையில் கூரைத் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மேலே விழும். என் மகள், அப்போது சின்னவள், "அம்மா, வண்டி அழுவுது" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் மறுபடி திறந்த அன்று வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசிக்கவும் என்னால் முடியவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெயிலுக்கு அடுப்பு, பனிக்குக் குளிர்ப்பெட்டி, இரண்டுமே அந்தக் கேபின்தான். வெறும் தகரம் அப்படித்தான் இருக்கும்.

நான் 2021-இல் ஓய்வு பெற்றேன். கொஞ்ச நாளில் இவரும் மீன் ஏற்றுவதை நிறுத்திவிட்டார். வண்டியை இரும்புக் கடைக்குப் போடச் சொன்னார்கள். இவருக்கு மனசு வரவில்லை. பிறகு ஒரு நாள், "திண்டுக்கல்லுக்கு லோடு கொண்டுபோனப்ப ஒரு தடவ வத்தலக்குண்டு வரைக்கும் போனேன். அங்கேருந்து மலை தெரியும். மேல ஏறிப் பார்க்கணும்னு ஆசை. மீன் கெட்டுடும்னு திரும்பிட்டேன்" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக இதைச் சொல்கிறார். "அப்ப நாம இதே வண்டியில போவோம்" என்றேன்.

மீன் பெட்டியைக் கழுவி, மறுபடி கழுவி, புளியும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்து, மாதக்கணக்கில் வெயிலில் திறந்து போட்டோம். இரண்டு ஜன்னல் வெட்டி, ஒரு கட்டில் போட்டு, கேபினிலிருந்து பின்னால் போக ஒரு வழி வைத்தோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டி எழுதிக் கொடுத்து, மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்துகொண்டோம். நீங்களும் வண்டியில் கை வைப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள், பின்னால் அலைய வேண்டாம். பெட்டிக்கு வெப்பத் தடுப்பு என்று புதிதாக எதுவும் செய்யவில்லை. மீனுக்குக் கட்டியது எங்களுக்கும் போதும். வேலை எல்லாம் கேபினில்தான்.

முதலில் நானே ஆரம்பித்தேன். அறிவியல் டீச்சர் என்ற தைரியம். கடையில் தெர்மாகோல் ஷீட்டும் பசையும் வாங்கி, கூரை, கதவு, பேனட் மூடியின் உள்பக்கம் எல்லா இடத்திலும் ஒட்டினேன். மேலே பூப்போட்ட ரெக்சின். பார்க்க அழகாக இருந்தது. திருமலைராயன்பட்டினம் வரை ஓட்டிப்போய்த் திரும்புவதற்குள் கேபினில் ஒரு நாற்றம். மூடியைத் தூக்கினால் தெர்மாகோல் உருகிச் சுருங்கி, சூயிங்கம் மாதிரி தொங்குகிறது.

பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் நம்ம மாணவனைக் கூப்பிட்டேன். பெயர் போடாதீர்கள் டீச்சர் என்று சொல்லியிருக்கிறான். வந்து பார்த்தான். மரியாதையான பிள்ளை, திட்டவில்லை. "டீச்சர், தீப்பிடிக்கலையே, அதுவே பெரிசு" என்றான். தெர்மாகோல் 100 டிகிரி நெருங்கும்போதே இளகிவிடும், தீப்பொறி பட்டால் கரும்புகையோடு எரியும். மீனுக்குப் பக்கத்தில் நல்ல பிள்ளை, இன்ஜினுக்குப் பக்கத்தில் எமன். இதைக்கூட யோசிக்காமல் ஒட்டியிருக்கிறேன்.

பிறகு அவன் செய்ததுதான் எனக்குப் பாடம். எதையும் ஒட்டவில்லை. முதலில் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டான். தரை மேட்டையும் உரித்தான். பகல் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் ஒரு லைட்டை வைத்து, என்னைக் கேபினுக்குள் உட்காரச் சொன்னான். "எங்கெல்லாம் வெளிச்சம் தெரியுதுன்னு சொல்லுங்க டீச்சர்." கிளட்ச் பெடல் போகும் ஓட்டை, கியர் கம்பி வரும் ஓட்டை, ஒயர் வரும் ஓட்டை, அது போக உப்புக் காற்றில் துரு தின்ற ஓட்டைகள். எண்ணினேன், பதினேழு. இவருடைய இடது கால் வைக்கும் இடத்திலேயே மூன்று.

இன்ஜின் சூட்டில் பாதிக்கு மேல் இந்த ஓட்டைகள் வழியாகக் காற்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதாவது சலனம். ஓட்டையை விட்டுவிட்டு எத்தனை அங்குலம் மெத்தை ஒட்டினாலும் பயனில்லை. அதைவிட முக்கியம், சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் பேக்கிங் போய்ப் புகை கசிந்துகொண்டிருந்தது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறம் கிடையாது, மணம் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டோம். "திருச்சி போயிட்டு வந்தா தலை பாரமா இருக்கும்" என்று இவர் வருஷக்கணக்கில் சொன்னதற்கு நான் சுக்குப் பற்று போட்டிருக்கிறேன். கசிவை அடைக்காமல் கேபினை மட்டும் அழகாக மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அதனால் பழைய வண்டி வைத்திருக்கும் யாரும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். முதலில் புகைக் கசிவு. அடுத்தது துரு. அதற்கப்புறம் ஓட்டை. கடைசியில்தான் மெத்தை.

பேக்கிங் மாற்றினான். துருவைச் சுரண்டி, ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, பெடலுக்கும் கியருக்கும் ரப்பர் மூடி போட்டான். அதற்குள் மே மாதம் வந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், மீன் வண்டிகள் எல்லாம் சும்மா நிற்கும், அவனுக்கும் பட்டறையில் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

பேனட் மூடியின் உள்பக்கம் கண்ணாடிக் கம்பளி, அதாவது கிளாஸ் வுல். அதை மூடி ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, ஆணி வைத்து. பசை இல்லை. கிளாஸ் வுல்லைக் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், இரண்டு நாள் அரிக்கும். அலுமினியத் தகட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அதன் முகத்துக்கு எதிரில் காற்று இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். இரண்டு பொருளுக்கு நடுவில் நசுக்கி வைத்துவிட்டால் அதுவும் வெறும் உலோகம்தான், சூட்டைக் கடத்திவிடும். கடையில் வெள்ளித்தாள் ஒட்டிய ஷீட்டை வாங்கித் தகரத்தோடு தகரமாக ஒட்டிவிட்டு, "பலனே இல்லை" என்பவர்கள் தப்பு செய்வது இங்கேதான்.

கூரைக்கும் கதவுக்கும் முன்தகரத்துக்கும், ஏ.சி. மெக்கானிக்குகள் குழாயில் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு ரப்பர் ஃபோம் ஷீட். கடற்கரைக்காரர்கள் இதைக் கவனியுங்கள். மெத்தைக்கு வைக்கும் சாதாரண ஸ்பாஞ்ச் வேண்டாம். அதன் துளைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். உப்பு ஈரத்தைக் குடித்துக்கொண்டு தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும், இரண்டு வருஷத்தில் தகரத்தைத் தின்றுவிடும். கறுப்பு ஃபோமில் ஒவ்வொரு துளையும் தனித்தனியாக மூடியது, தண்ணீர் ஏறாது. கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிய இருக்கும் சின்ன ஓட்டைகளை மட்டும் அடைக்கவே கூடாது. ஒயர்களையும் ஃபோமுக்குள் புதைக்கவில்லை, தனிக் குழாயில் விட்டான்.

கூரைக்கு வெளியே வெள்ளை பெயிண்ட். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமே, அதே விஷயம்தான். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். நம்ம கறுப்பு டப்பா வெள்ளை டப்பா சோதனையை முப்பது வருஷம் கழித்து வண்டி மேல் செய்தேன்.

மிச்சம் இருந்தது முன் கண்ணாடி. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். உள்ளே சீட்டும் டேஷ்போர்டும் சூடாகித் திருப்பி வீசும் வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டி வெளியே போகாது. கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று கேட்காதீர்கள், உச்ச நீதிமன்றம் 2012-இலேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. நாங்கள் வண்டி நிற்கும்போது மட்டும் போட ஒரு உறை தைத்தோம். அதைக் கண்ணாடிக்கு உள்ளே தொங்கவிடாமல் வெளியே கட்டினோம். உள்ளே தொங்கவிட்டால் வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி. வாசலிலேயே நிறுத்துவதுதான் நல்லது. பழைய தென்னங்கீற்றுத் தட்டியை வாசலில் ஏன் கட்டினார்கள் என்று யோசியுங்கள்.

சோதனை இல்லாமல் நான் நம்ப மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வெப்பமானி வாங்கி நோட்டில் எழுதி வந்தேன். வேலைக்கு முன்பு ஒரு மே மாதப் பகல் 2 மணி, வெளியே நிழலில் 38, நிறுத்தி வைத்த கேபினுக்குள் 54. வேலைக்குப் பிறகு அதே மாதம், அதே இடம், வெளியே 38, உள்ளே 43. ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு இடது கால் பக்கத்தில் முன்பு 61, இப்போது 44. குளிர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் அடுப்பு இல்லை. சாமான், கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அவன் கூலி வாங்க மறுத்தான். டீச்சர் கோபம் இன்னும் அவனுக்கு ஞாபகம் இருந்ததால் வாங்கிக்கொண்டான்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து இவர் இறங்காமல் கொஞ்ச நேரம் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பேனட் மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். சந்தோஷமாகக் கேட்டாரா, வேறெப்படியா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷச் சூட்டுக்கு இரண்டு வார வேலையும் 11,000 ரூபாயும்தானா என்பதுதான் அந்தக் கேள்வி. நான் உள்ளே போய் டீ போட்டேன்.

இந்த ஜனவரியில் தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல் வழியாகப் போய் வத்தலக்குண்டில் நிறுத்தினோம். கொடைக்கானலுக்கு இப்போது இ-பாஸ் வேண்டும், மகன் போனிலேயே எடுத்துக் கொடுத்திருந்தான். மலை ஏறும்போது இன்ஜின் முக்கி முனகிச் சூடேறியது. நான் பக்கத்து சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் வலது காலைப் பேனட்டை ஒட்டி வைத்துக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். வழியில் நாலு இடத்தில் நிறுத்தி இன்ஜினை ஆறவிட்டோம். ஒவ்வொரு இடத்திலும் இவர் கீழே இறங்கி மலையைப் பார்த்தார். மீன் கெட்டுவிடும் என்ற அவசரம் இல்லை.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லாட்ஜ் வளாகத்தில் வாடகை கொடுத்து வண்டியை நிறுத்தினோம். ராத்திரி பெட்டிக்கும் கேபினுக்கும் நடுவில் ஒரு கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டேன். ஏனென்றால் எவ்வளவு ஃபோம் ஒட்டினாலும் முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடிதான், குளிர் அந்த வழியாகத்தான் வரும். அடுப்பு, கரி எதுவும் உள்ளே வைக்கவில்லை, இன்ஜினையும் ஓடவிடவில்லை. மலை ஊர்களில் அறைக்குள் கரி மூட்டிவிட்டுத் தூங்கி, காலையில் எழாதவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஒரு ஆள் உடம்பே சும்மா கிடக்கும்போது ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குச் சூடு கொடுக்கும். இரண்டு பேர், இரண்டு பல்பு. மீன் பெட்டி அதை வெளியே விடாது. ஜன்னலை மட்டும் ஒரு விரல் அளவு திறந்து வைத்தோம். மூச்சுக் காற்றுக்கு மட்டுமல்ல, ஈரத்துக்கும் வழி வேண்டும்.

விடியற்காலை 5 மணிக்கு எழுந்து நோட்டில் எழுதினேன். வெளியே 7, கேபினில் 9, பெட்டிக்குள் 15. ஜமுக்காளத்தை விலக்கிக் கேபினுக்குள் டார்ச் அடித்தேன். முன் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் வழிந்திருந்தது. எங்கள் இரண்டு பேர் மூச்சு ராத்திரி முழுக்க வெளியே விட்ட ஈரம், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் நீராகிவிட்டது. துணியால் துடைத்துப் பிழிந்தேன். பிறகு கையை உயர்த்திக் கூரையைத் தடவிப் பார்த்தேன். ரெக்சின் உலர்ந்து இருந்தது. ஒரு சொட்டு இல்லை.

2004-இல் எங்கள் மேல் சொட்டியதும் இதுதான். நாலு பேர் மூச்சு, மார்கழிப் பனியில் குளிர்ந்த தகரம். வண்டி அழவில்லை. என் மகளுக்கு இப்போது கல்யாணமாகி அவளுக்கே ஒரு மகள் இருக்கிறாள். அங்கிருந்தே போன் போட்டு அவளுக்கு அதை விளக்கினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கும்மா" என்றாள். பின்னால் இவர் போர்வைக்குள்ளிருந்து, "யாருக்குப் பாடம் நடத்துற, கதவ சாத்து, குளிருது" என்று கத்தினார்.

காலில் இருக்கும் அந்த வலை இன்னும் இருக்கிறது. கொஞ்சம் மங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இவர் இல்லை என்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுகிறோம்.

இனி உங்களில் சிலருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். 2025-இல் வந்த விதிப்படி, புதிதாகச் செய்யும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் ரோட்டில் ஓடும் பழைய லாரிகளுக்கு அது கிடையாது. என்னிடம் படித்தவர்களில் லாரி, மினி லாரி, மீன் வண்டி வைத்துத் தொழில் செய்பவர்கள் எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர். பெட்டிக்கு நல்ல ஃபோம் போட்டிருப்பீர்கள். அது உங்கள் சரக்கு, தப்பில்லை. இந்தத் தடைக்காலம் முடிவதற்குள் உங்கள் டிரைவரின் சீட்டில் பகல் 2 மணிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேட்டைத் தூக்கி எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். புகைக் குழாயைப் பாருங்கள். டிரைவரிடம் காலைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும், நான்தானே பாடம் நடத்தினேன்.

டிரைவர் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு: ஓனர் செய்யாவிட்டாலும் ரப்பர் மூடியும் வெள்ளை பெயிண்டும் பெரிய செலவில்லை. வண்டி ஓட்டித் தலை பாரமாக இருந்தால் வெயில் என்று விட்டுவிடாதீர்கள், முதலில் சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. காரைக்கால்மேடு பக்கம் வருபவர்கள் வந்து பார்க்கலாம். நோட்டையும் காட்டுகிறேன். தஞ்சாவூர் வரை கூட்டிப்போகச் சொன்னால் மாமா உடனே சாவியை எடுத்துவிடுவார்.

எல்லாரும் நல்லா இருங்கள். தண்ணீர் நிறைய குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்